கியர்ப்பெட்டியில் தேங்காயெண்ணெய்

நடந்தவை எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன். அப்பாவுக்குப் பிடிக்காததையும், எனக்குப் பிடிக்காததையும் விட்டுவிடப் போவதில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் உன்னை மகனே என்று அழைப்பதா மகளே என்று அழைப்பதா என்று இன்னும் தெரியவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் இந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு எதிரே ஒரு பச்சைக் கதவு இருக்கிறது. அதற்குப் பின்னால் உன் அம்மா இருக்கிறாள், நீயும் இருக்கிறாய். கதவை மூடி வெகுநேரமாகிறது. உள்ளேயிருந்து அவள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. உன் அம்மா எனக்கு அக்கா. அக்கா பெற்றது தங்கைக்கும் பிள்ளை என்பது நம் வழக்கம். நீ என்னைச் சித்தி என்பாய், நான் உன்னை என் பிள்ளை என்பேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் படிக்கிற பதினைந்து வயதுக்காரி வளர்ந்த பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். நீ இதைப் படிக்கும்போது நீயும் வளர்ந்திருப்பாய், நானும் சித்திக்கு உரிய வயதை அடைந்திருப்பேன், அப்போது சரியாகிவிடும். ஒன்று மட்டும் பொறுத்துக்கொள். உன் தாத்தா பாட்டியை அப்பா, அம்மா என்றும், உன் அம்மாவை அக்கா என்றும், உன் அப்பாவை அத்தான் என்றும்தான் எழுதுவேன். மாற்றி எழுதினால் யாரோ வேறு ஆட்களைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது.

உனக்கு முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் தேங்காயெண்ணெய் மொத்த வியாபாரம். அக்காவைப் பொன்முடி எஸ்டேட் கம்பவுண்டருக்குக் கட்டிக்கொடுத்தபோது, பஸ் போகாத மலையில் பெண்ணைக் கொண்டு விட்டுவிட்டோமே என்று அம்மா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காகவே அப்பா இந்தப் பழைய காரை வாங்கினார். யுத்தம் வந்ததும் மலையை விட்டுப் போன ஒருவருடைய கார். வாங்கின அன்று எங்கள் ஊர்க் கோட்டையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தார்கள். பூனை நடப்பதுபோல் இருந்தது என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார். சில வாரங்களில் பூனை போய் உறுமல் வந்தது. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டி என்றால் பேசத்தான் செய்யும் என்றார். அக்காவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும், எஸ்டேட்டுக்கு வந்துபோகிற டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, குழந்தையின் தலை மேலே இருக்கிறது, மலையில் வைத்துப் பிரசவம் பார்க்கக் கூடாது, ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தான் எழுதிய கடிதம் வந்த மறுநாள் அப்பாவும் நானும் புறப்பட்டோம். அம்மா பிரசவ அறையை மெழுகிச் சுத்தம் செய்ய வீட்டில் இருந்தாள். கூட ஒரு பெண்பிள்ளை இருக்கட்டும் என்று என்னை அனுப்பினாள். நான் பள்ளிக்கூடப் பையையும் எடுத்துக்கொண்டேன், விடுமுறை முடிந்ததும் பரீட்சை.

மலையடிவாரத்தில் கல்லாறு வரை வந்ததும் அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். நான் இறங்கி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். மண்ரோட்டில் நம் கார் வந்த தடத்துக்கு நடுவே பொட்டுப் பொட்டாக ஈரம் இருந்தது. தண்ணீர் என்றால் காய்ந்திருக்கும், இது காயவில்லை. அப்பா விரலில் தொட்டு முகர்ந்தார். எஞ்சின் எண்ணெய் கறுப்பாக, நீர்த்து இருக்கும். இது தேன்போலக் கெட்டியாக, மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடையோடு இருந்தது. கியர்ப்பெட்டி எண்ணெய் என்றார். காரோடு ஒரு இங்கிலீஷ் கைப்புத்தகம் வந்திருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷில் பில் படிக்க வரும், புத்தகம் படிக்க வராது. நான் ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன், அப்பா காரில் உட்கார்ந்து அப்படியே செய்தார். எஞ்சினை ஓடவிட்டு, கியர் எதிலும் போடாமல் வைத்தால், ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் தொடர்பு விட்டுப்போகும். அப்பா மிதித்தார், ஊளை நின்றது. காலை எடுத்தார், திரும்ப வந்தது. ஆகவே குற்றம் எஞ்சினில் இல்லை, பெட்டிக்குள். அடுத்தது, எந்தக் கியரில் சத்தம் பெரிது என்று கேட்டிருந்தது புத்தகம். மூன்றாவது கியரில் சுழற்சி எஞ்சினிலிருந்து நேராகப் பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, அதில் சத்தம் அநேகமாக இல்லை. ஒன்றிலும் இரண்டிலும் அது கீழே உள்ள இன்னொரு தண்டு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். இரண்டில்தான் ஊளை மிக அதிகம், மேலும் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் கியர்க்கம்பி தானாகவே துள்ளி வெளியே வந்துவிடும் என்றார் அப்பா. கீழ்த்தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் வற்றியிருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம் என்று நான் படித்தேன். பெட்டியின் பக்கத்தில் உள்ள திருகைக் கழற்றி அப்பா விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை.

திரும்பிப் போவதென்றால் அக்கா மேலே இருக்கிறாள். ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியர் போட்டபோது அந்த ஊளை என் பல்லுக்குள் கேட்டது. அப்பாவின் நெற்றியில் வேர்வை இருந்தது. எஸ்டேட்டில் போய்ச் சேர்ந்தபோது அந்தி. கியர் எண்ணெய் எங்கும் இல்லை, யுத்தத்தால் டவுனிலேயே கிடைப்பதில்லை, மலையில் எங்கே கிடைக்கும்? அப்பா கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக் கடையில் போய் ஒரு டின் தேங்காயெண்ணெய் வாங்கி வந்தார். புத்தகத்தில் வேறு எண்ணெய் ஊற்றக்கூடாது என்று எழுதியிருக்கிறதே என்றேன். “எண்ணெய்னா எண்ணெய்தான் மக்களே. வழுவழுப்பு வேணும், அவ்வளவுதான். இந்தப் புத்தகம் எழுதினவன் தேங்காயெண்ணெய பாத்திருக்க மாட்டான்” என்றார். பிள்ளை ஒன்றானாலும் அப்பாவுக்கு அது மக்களேதான். நீ சாலைக் கம்போளத்தில் பிறந்து வளர்ந்திருந்தால் உனக்கு இது புரியும். எங்கள் வீட்டில் தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், கதவுக் கீல் கிறீச்சிட்டாலும் அதுதான், தீப்புண்ணுக்கும் அதுதான். அது உதவாத இடம் ஒன்று உலகத்தில் உண்டென்று அப்பா நினைத்ததே இல்லை. ஊற்றி முடித்துவிட்டு, பெட்டிக்குக் கீழே தன் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவைத்தார். காலையில் எந்த இடத்தில் கறை விழுந்திருக்கிறதோ அந்த இடத்தில்தான் ஒழுக்கு.

காலையில் வேட்டியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பனி கண்ணை மறைத்தது. அப்பா எஞ்சினை ஓடவிட்டு, காலால் கிளட்சை மிதித்தும் எடுத்தும் பார்த்தார். ஊளை இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக என்னைக் கூப்பிட்டார். “கேட்டியா? சத்தம் இருக்கா பாரு. நம்ம எண்ணெயாக்கும்!” எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கியர்க்கம்பியை அசைத்தபோது அது களிமண்ணில் செருகியதுபோல் இறுகி இருந்தது, அப்பா இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. அது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தலை பின்னிக்கொள்ள அக்காவின் அறைக்குப் போனேன். மாடத்தில் அவளுடைய எண்ணெய்ப் புட்டி இருந்தது. கவிழ்த்தேன், உள்ளங்கையில் ஒன்றும் விழவில்லை. மெழுகுபோல வெள்ளையாக உறைந்திருந்தது. மார்கழியில் நம் வீட்டிலும் உறையும், அம்மா வெயிலில் வைத்து இளக்குவாள். அதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நேற்று ஊற்றிய எண்ணெயும் இப்போது இப்படித்தான் இருக்கும். உறைந்ததால் ஒழுகவில்லை, கியர்ப் பற்களுக்கு நடுவே கட்டியாக நின்றதால் சத்தம் வரவில்லை. கொஞ்சத் தூரம் ஓடிச் சூடானால் இளகித் தண்ணீராகும், வழியெல்லாம் சொட்டும், பாதி மலையில் பெட்டி வறண்டுபோகும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டாவது கியர்தான்.

அக்காவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூச்சை விட்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். “விடியதுக்கு முன்னயே தொடங்கிட்டு. அப்பாட்ட சொல்லாத பிள்ளே. பதறிப்போயி ஓட்டுவாரு.” அத்தானுக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை. நம் குடும்பத்துப் பெண்களுக்கு இது ஒரு பெருமை. பிரசவத்தில் ஒரு சத்தம் போடவில்லை என்று பெரியம்மாக்கள் ஒருவரைப்பற்றி ஒருவர் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்த நேரத்தில் அந்தப் பெருமையின்மேல் கோபம் வந்தது. சத்தம் போடாத கியர்ப்பெட்டி வெளியே, சத்தம் போடாத அக்கா உள்ளே. இரண்டையும் அறிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

வெளியே வந்து புட்டியை அப்பாவின் கையில் கவிழ்த்துக் காட்டினேன். எண்ணெய் உறைந்ததால்தான் சத்தம் இல்லை, நோய் தீரவில்லை என்று சொன்னேன். அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. “மலை எறங்கப் போற நேரத்துல என்ன பேச்சு இது” என்றார். ஆனால் புட்டியைக் கீழே வைக்கவில்லை, திரும்பத் திரும்பக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அக்கா வாசற்படிக்கு வந்தாள், வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  அப்பா புட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஏற்று, ஏற்று, இப்படியே போய்விடலாம் என்றார். இன்னும் எத்தனை நேரம் இருக்கிறதென்று அத்தானைக் கேட்டார். தலைப்பிரசவம், நேரம் இருக்கும் என்றார் அத்தான், எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் எண்ணெயை மாற்ற வேண்டும் என்றேன். அப்பா என்னைக் கையை ஓங்கி அடக்கினார். அவர் என்மேல் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. அக்கா படியில் உட்கார்ந்தபடியே பேசினாள்.

“எண்ணெய மாத்துங்கப்பா. நடுவழியில காட்டுக்குள்ள நிண்ணுபோச்சுன்னா நான் என்ன செய்வேன்? இங்கண்ணா ஒரு கூரையாவது இருக்கு.”

மகனே, மகளே, நீ எந்தப் பிள்ளையாக இருந்தாலும் சரி, உன் அம்மா சொன்ன இந்த வார்த்தையை மறக்காதே. வலியில் இருந்தவள் அவள். எங்கள் எல்லாரையும்விடத் தெளிவாக நினைத்தவளும் அவள்தான்.

உறையாத எண்ணெய் எது என்று நான் அத்தானைக் கேட்டேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார். விளக்கெண்ணெய் டின்னோடு வந்தார். லயத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சிக்குக் கொடுக்க வைத்திருந்தது, எந்தக் குளிரிலும் அது உறைந்து அவர் பார்த்ததில்லை. விரலில் எடுத்தால் நூல்போல் இழுபட்டது. தேங்காயெண்ணெயை வெளியே எடுப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. அடித்திருகைக் கழற்றினால் ஒன்றும் வரவில்லை. குளிக்கப் போட்டிருந்த வெந்நீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து பெட்டியின்மேல் ஊற்றினேன். கடைசியில் வெள்ளைக் கட்டிகள் ஒவ்வொன்றாக வேட்டியில் விழுந்தன. அப்பா சாக்கில் மல்லாந்து படுத்தபடி அவற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். நடுவே இரும்புத் தூள் மின்னியது. பின்னே, ஊறிக் கறுத்த மரத்தூள். யாரும் தேங்காயெண்ணெயில் மரத்தூள் போடுவதில்லை. கோட்டையைச் சுற்றி ஓட்டிய அன்று வண்டி ஏன் பூனைபோல் நடந்தது என்று அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. விற்றவர் தேய்ந்த பற்களுக்கு இடையே மரத்தூளை அடைத்துச் சத்தத்தை அடக்கியிருந்தார். அப்பா அந்த ஆளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அடித்திருகின் வாஷர் நைந்திருப்பதை எனக்குக் காட்டினார். அத்தான் கொண்டுவந்த பஞ்சுநூலைத் திரித்து, அதில் பார்சோப்பைத் தேய்த்து, திருகைச் சுற்றிக் கட்டி முறுக்கினார். மருந்து ஊற்றுகிற புனலை வைத்து அத்தான் விளக்கெண்ணெயை ஊற்றினார்.  “இந்த மலையில எல்லாப் பிள்ளைகளும் இத குடிச்சிட்டு ஓடினதுதான் மாமா. இதுவும் ஓடும்” என்றார். அக்கா படியிலிருந்து, லயத்து மருத்துவச்சி தன்னைக் குடிக்கச் சொன்னதும் இதே எண்ணெய்தான், தப்பித்தேன், கார் குடிக்கட்டும் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது.

புறப்பட்டபோது பனி விலகவில்லை. அப்பா விளக்குகளைப் போட்டார். யுத்தச் சட்டத்துக்காக மேல்பாதியில் கறுப்புப் பூசிய விளக்குகள், பாதையில் ஒரு முழம்தான் தெரிந்தது. அக்காவும் அத்தானும் பின்னால், நான் முன்னால். முதல் வளைவுக்கு இரண்டாவது கியரைப் போட்டதும் ஊளை திரும்ப வந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். “வரட்டு மக்களே” என்றார், “இருக்குன்னு தெரியுதில்லா. கேட்டுக்கிட்டே போவோம். மாறிச்சுன்னா சொல்லு.” கியர்க்கம்பியை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டேன். கம்பி வழியாகப் பெட்டியின் நடுக்கம் முழுவதும் என் முழங்கை வரை வந்தது. ஊளை ஒரே சீராக இருந்தால் மூச்சு விட்டேன், கல்லில் ஏறி ஒரு கடகடப்பு வந்தால் மூச்சை அடக்கினேன். பின்னால் அக்கா அத்தானின் தோளைப் பிடிக்கும்போது அவருடைய மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது. அக்காவிடமிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார், “கத்தணும்னா கத்து மக்களே. நீ சத்தம் காட்டாம இருந்தா எனக்குக் கை ஓடல்லே.” அடுத்த வலியில் அக்கா கத்தினாள். நான் அவள் கத்தி அதுவரை கேட்டதில்லை. பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ஒரு செங்குத்தான வளைவில், கம்பி என் கைகளை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே துள்ளியது. ஊளை நின்றது. அந்த நிசப்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எஞ்சின் பிடி விட்டுப்போய், கார் தன் பாரத்தில் தானே ஓடத் தொடங்கியது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் மரங்களின் உச்சி. அப்பா கால்பிரேக்கை மிதித்துக்கொண்டே கைப்பிரேக்கையும் இழுத்து, பாறைப் பக்கத்து மண்மேட்டில் உரசவிட்டார். கார் நின்றது. ரப்பர் கருகுகிற வாடை வந்தது.  அப்பா நின்ற இடத்திலேயே கிளட்சை மிதித்து, நிதானமாக இரண்டாவது கியரைப் போட்டார், என் கைகளை எடுத்துக் கம்பியின்மேல் திரும்ப வைத்தார். “உன் தப்பு இல்ல. இப்பம் காலயும் வச்சு அழுத்து” என்றார். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, கைகளுக்குப் பின்னால் முழங்காலையும் முட்டுக்கொடுத்தேன். காலை அவர் தளர்த்தும்போதெல்லாம் அது துள்ளப் பார்த்தது. விடவில்லை. கல்லாறு வரை விடவில்லை. அங்கே ஆற்றின் இரைச்சல் கேட்டபோதுதான் என் கைகள் மரத்துப்போயிருப்பது தெரிந்தது.

கல்லாற்றில் அப்பா குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். கை வைக்க முடிகிற சூடுதான். திருகிலிருந்து ஒரு துளி தொங்கியது, வெகுநேரம் தொங்கிவிட்டு விழுந்தது. அது போதும் என்றார். அதற்குப் பிறகு சமவெளி, மூன்றாவது கியர், விதுரையும் நெடுமங்காடும் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. அக்கா கத்துவதும் ஓய்வதுமாக இருந்தாள். ஓய்வு குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வரும்வரை அப்பா அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளை உள்ளே கொண்டுபோனார்கள், அத்தானைக் கதவருகே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அத்தான் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் எழுதுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் கம்பிதான் காரணம். உனக்குப் புத்தி சொல்வதாகத் தொடங்கினேன், ஒன்றே ஒன்றுதான் சொல்லத் தெரிகிறது. நீ பெரிய பிள்ளையாகி ஒருநாள் ஒரு பழைய கார் வாங்கப் போனால், அது சத்தமில்லாமல் ஓடினால், வாங்குவதற்கு முன் பெட்டியின் திருகைக் கழற்றி விரலை விட்டுப் பார். உன் வீட்டில் யாராவது வழக்கமாகப் பேசுகிறவர் பேசாமல் இருந்தாலும் கிட்டப் போய்ப் பார். நின்றுபோன சத்தம் எதனால் நின்றதென்று கேட்காமல் சந்தோஷப்பட்டுவிடாதே. இதை எழுதும்போது அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னாலும் சத்தம் நின்றுபோயிருக்கிறது. சற்றுமுன் வரை அக்காவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது இல்லை. அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. பேனா நகரவில்லை, இந்த இடத்தில் மை பரவியிருப்பதைப் பார்ப்பாய்.

கத்தினாய். முதலில் பூனைக்குட்டிபோல, பிறகு அந்த வராந்தா முழுவதும் கேட்கும்படி. அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் கதவைத் திறந்து, பெண்குட்டி, கால்தான் முதலில் வந்தது, அம்மாவுக்கும் குழந்தைக்கும் சுகம் என்று மலையாளத்தில் சொன்னாள். அக்கா என்ன செய்கிறாள் என்று அப்பா கேட்டார். தன்னை ஏன் இத்தனை நேரம் காக்கவைத்தீர்கள் என்று டாக்டரம்மாவோடு சண்டை போடுகிறாள் என்றாள் நர்ஸ். அப்பா சிரிக்கவில்லை, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மகளே, இனி உன்னை இப்படியே கூப்பிடலாம். கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வாசலிலிருந்து ஒரு சேவகர் வந்து, வெளியே நிற்கிற கார் யாருடையது, உச்சி வெயிலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதே என்று கேட்டார். பனியில் போட்ட விளக்குகள். கல்லாற்றில் நிறுத்தியபோதும் யாரும் பார்க்கவில்லை, வெயிலில் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. பேட்டரி தீர்ந்துபோகும் என்று வீட்டில் நிற்கும்போது காரின் உள்விளக்கைக்கூடப் போடவிடாதவர் அப்பா. நான் வராந்தா விளிம்புக்கு வந்து பார்த்தேன். வாடிய மஞ்சள் நிறத்தில் அவை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தன. அப்பா செருப்பில்லாமல் வெயிலில் நடந்துபோய், காரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, விளக்குகளை அணைத்தார்.